‘தி லேடி ஃப்ரம் ஷாங்காய்’: படம் ஒரு பக்கம், பின்னணி இசை ஒரு பக்கம்

பழைய ரீல் எழுதியது:

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘தி லேடி ஃப்ரம் ஷாங்காய்’ என்று பேச்செடுத்தாலே எல்லாரும் நேராகக் கடைசியில் வரும் கண்ணாடி மண்டபத் துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுகிறோம். அதற்கு வெகு முன்னால் வரும் ஒரு சின்ன இடத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

உல்லாசப் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது. எல்சா, அதாவது ரீட்டா ஹேவொர்த், பாறையிலிருந்து கடலில் பாய்கிறாள். அவள் கணவன் பானிஸ்டரின் தொழில் கூட்டாளி கிரிஸ்பி அவளைத் தொலைநோக்கியில் உற்றுப் பார்க்கிறான். படகில் வேலைக்குச் சேர்ந்த மாலுமி மைக்கேலுக்கு (இது வெல்ஸ்) இந்த மனிதர்களின் போக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒரு பெண் குளிக்கிறாள், ஒருவன் பார்க்கிறான், அவ்வளவுதான் நடப்பது. ஆனால் நமக்கு வயிற்றைப் புரட்ட வேண்டும். கிரிஸ்பியாக வரும் க்ளென் ஆண்டர்ஸின் வியர்த்த முகமும் கீச்சுக் குரலும் அதற்குத் தாராளமாகப் போதும். அப்போது ஆர்க்கெஸ்ட்ரா என்ன செய்கிறது? அவள் குதிக்கும்போது அதுவும் கூடவே குதிக்கிறது.

வெல்ஸுக்கே இது பொறுக்கவில்லை. கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோனுக்கு அவர் நீளமாக ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பாய்ச்சலுக்கு எந்த முக்கியத்துவமும் கிடையாது, முக்கியமானவை ரீட்டாவின் அழகும் கிரிஸ்பியின் கெட்ட எண்ணமும் மைக்கேலின் குழப்பமும்தான், இசை அவற்றில் ஒன்றையாவது பிடித்திருக்கலாம் என்பது அவர் வாதம். அதை விட்டுவிட்டு டொனால்ட் டக் அந்தரத்தில் தாவுவதற்குப் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறார்கள் என்று கொதிக்கிறார்.

இன்னொரு புகாரும் உண்டு. படகில் எல்சா மல்லாந்து படுத்துக்கொண்டு ‘ப்ளீஸ் டோன்ட் கிஸ் மீ’ என்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். ஆலன் ராபர்ட்ஸும் டோரிஸ் ஃபிஷரும் எழுதியது. ஹேவொர்த்துக்காகப் பாடியவர் அனிதா எல்லிஸ். இந்த மூவரும் 1946இல் வந்த ‘கில்டா’விலிருந்து அப்படியே வந்தவர்கள். ‘கில்டா’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்த கோனுக்கு இந்தப் படத்திலும் ஒரு பாட்டு இருந்தே தீர வேண்டும். அதுவும் வெல்ஸ் அவளுடைய நீளச் சிவப்புக் கூந்தலை வெட்டி, வெளிர் பொன்னிறத்துக்கு மாற்றிய பிறகு, போன நட்சத்திரத்தை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. பாட்டு வந்தது. பாட்டோடு நின்றிருந்தால் சரி. அதே மெட்டு காட்சிக்குக் காட்சி வேஷம் மாறி வந்துகொண்டே இருக்கிறது.

என் வருத்தம் இசை மட்டம் என்பதில் இல்லை. தனியாகக் கேட்டால் இனிமையான மெட்டுதான். இந்தப் படத்தோடுதான் அது ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று யோசித்து எழுதுங்கள்.

---

ரீரெக்கார்டிங் ரூம் எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் இசையமைப்பாளர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

இந்தப் படத்துக்கு இசையமைத்த ஹைன்ஸ் ரோம்ஹெல்ட் சாதாரண ஆள் இல்லை. மில்வாக்கியில் பிறந்து, சின்ன வயதிலேயே பியானோவில் பேரெடுத்தவர். 1930களில் யூனிவர்சலில் இசைப் பொறுப்பில் இருந்தவர். ‘யாங்கி டூடுல் டேண்டி’ படத்துக்காக ரே ஹைண்டார்ஃபோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். 1952இல் ‘ரூபி ஜென்ட்ரி’க்கு அவர் போட்ட ‘ரூபி’ மெட்டை இன்றைக்கும் ஜாஸ்காரர்கள் வாசிக்கிறார்கள்.

திரையில் அசைவு வரும்போதெல்லாம் அதே அசைவை வாத்தியத்தில் வாசிப்பதற்கு ஹாலிவுட்டில் ‘மிக்கி மவுசிங்’ என்றே பெயர். ஒருவன் படியேறினால் சுருதி ஏறும், விழுந்தால் இறங்கும். கார்ட்டூனிலிருந்து வந்த பழக்கம். அதைக் கேவலமான உத்தி என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. மாக்ஸ் ஸ்டைனர் மாதிரிப் பெரிய ஆளே அதை வேண்டிய மட்டும் செய்திருக்கிறார். ‘தி பிக் ஸ்லீப்’ அவர் இசைதான், அதை யாரும் குறை சொல்வதில்லை.

அப்புறம், யாருக்காக வேலை பார்த்தார் என்பதும் இருக்கிறது. படம் வெல்ஸ் கையைவிட்டுப் போயாகிவிட்டது. எடிட்டர் வயோலா லாரன்ஸ் கொலம்பியாவின் ஆள். முதலில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்ததாகச் சொல்லப்படும் படம் 87 நிமிஷத்துக்கு வந்துவிட்டது. நட்சத்திரத்தின் முகம் தெரியவில்லை என்று குளோசப்புகளை வேறு தனியாக எடுத்துச் செருகியிருக்கிறார்கள். இப்படி வெட்டிய படத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே பள்ளம் விழும். அதை மூட ஸ்டூடியோ கையில் இருக்கும் ஒரே சாமான் பின்னணி இசை. ரீரெக்கார்டிங்கில், அதாவது வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் வேலையில், உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். “இங்கே கொஞ்சம் இழுத்து விடுங்கள், ஜம்ப் தெரியாது” என்பார்கள். ரோம்ஹெல்ட்டிடமும் அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொந்த மெட்டுக்குப் பதிலாகப் பாட்டின் மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டதற்கும் காரணம் இருக்கும். பாட்டு பிரபலமானால் ஸ்டூடியோவுக்கு லாபம்.

---

லாரா44 எழுதியது:

ஒரே மெட்டைத் திருப்பிப் போட்டது குற்றம் என்றால் 1944இல் வந்த ‘லாரா’வை என்ன செய்வீர்கள்? டேவிட் ரேக்ஸின் அந்தப் படம் முழுவதும் ஒரே மெட்டைத்தான் ஓட்டுகிறார். அதை நுவார் இசையின், அதாவது அந்தக் கால இருண்ட குற்றப் படங்களின் இசையின், சிகரம் என்கிறோம். இங்கே மட்டும் எப்படித் தப்பாகும்?

---

பழைய ரீல் எழுதியது:

லாரா44, நியாயமான கேள்வி.

‘லாரா’வில் முதல் பாதி முழுக்க அந்தப் பெண் செத்துப்போனவள். துப்பறிய வந்த மக்ஃபெர்சன் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் கடிதங்களைப் படித்து, சுவரில் மாட்டிய அவள் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்தே அவள்மேல் ஆசை கொள்கிறான். அவளுக்குப் பதிலாகப் படத்தில் இரண்டே பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஓவியம், இன்னொன்று அந்த மெட்டு. அவளுக்குப் பிடித்த பாட்டு என்று கிராமஃபோனிலும் அதையே கேட்கிறோம். அதனால் ஒவ்வொரு முறை அது வரும்போதும் அவன் மண்டைக்குள் சுற்றுவது நமக்கும் கேட்கிறது. அவனால் அந்தப் பிடியிலிருந்து வெளியே வர முடியவில்லை, நாமும் வர முடியாது. இயக்குநர் ஓட்டோ ப்ரெமிஞ்சர் முதலில் டியூக் எலிங்டனின் ‘சொஃபிஸ்டிகேட்டட் லேடி’யைப் போடத்தான் நினைத்தார். இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தாது என்று ரேக்ஸின் மல்லுக்கு நின்றார். சனி ஞாயிறு இரண்டு நாள் கெடு கொடுத்தார்கள். அதற்குள் போட்ட மெட்டுதான் இது. ஏற்கெனவே பிரபலமாக இருக்கும் மெட்டை ஒட்டவைப்பது வேறு, இந்தப் பெண்ணுக்கென்றே ஒன்றைச் செய்வது வேறு என்று சண்டை போட்ட ஒரு ஆள் அங்கே இருந்தார்.

எல்சா விஷயம் நேர்மாறு. அவள் எங்கும் போய்விடவில்லை, கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறாள், ஆனால் யார் என்று தெரியவில்லை. நல்லவளா, மாட்டிக்கொண்டவளா, மாட்டிவிடுகிறவளா? மைக்கேல் படம் முழுக்க இதில்தான் தடுமாறுகிறான். கதை சொல்லும் குரலும் அவனுடையது, அந்தக் குரலே “நான் அப்போது முட்டாளாக இருந்தேன்” என்ற தொனியில்தான் பேசுகிறது. இசையோ எல்லாம் தெரிந்த மாதிரி வந்து நிற்கிறது. அவள் வந்தால் காதல், குதித்தால் பரபரப்பு, ஓடினால் ஆபத்து. நாம் யோசிப்பதற்குள் பதிலை வைத்துவிடுகிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுக்கிற மாதிரி.

மெட்டு எத்தனை தடவை வருகிறது என்பதை விடுங்கள். எதையும் சந்தேகப்படத் தெரியாத இசையை, சந்தேகமே உயிரான ஒரு படத்தில் வைத்துவிட்டார்கள். எனக்குக் குறையாகப் படுவது அதுதான்.

---

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

பழைய ரீல் சொன்னதை முழுக்க ஏற்க முடியவில்லை. அந்த இனிப்பான வயலின்கள் மைக்கேலை ஏமாற்றுகிற அதே பொய்யின் பகுதி என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ஆரம்பக் காட்சியில் சென்ட்ரல் பார்க்கில் குதிரை வண்டியில் வெள்ளை உடுப்பில் அவள் வருகிறாள். அவன் சிகரெட் நீட்டுகிறான். இசை காதல் கதைக்குப் போடுவது போலவே ஒலிக்கிறது. அவனும் அதைக் காதல் கதை என்றுதான் நம்புகிறான்! கடைசியில் எல்லாம் நொறுங்கும்போது அந்த இனிப்பும் சேர்ந்தே நொறுங்குகிறது. பொருந்தாத இசைதான் சில படங்களைப் பெரிய படமாக்குகிறது. ‘தி தேர்ட் மேன்’ எடுத்துக்கொள்ளுங்கள். போரில் இடிந்த வியன்னா, கள்ளச் சந்தையில் கலப்பட பென்சிலின், செத்துக்கொண்டிருக்கும் குழந்தைகள். அதற்கு ஒரே ஒரு ஸிதர் என்ற தந்தி வாத்தியம், மதுக்கடையில் வாசிக்கிற துள்ளல் மெட்டு. 1948இல் படப்பிடிப்புக்குப் போன இடத்தில்தான் இயக்குநர் கரோல் ரீட் ஸிதர் வாசிக்கும் ஆன்டன் காராஸைக் கண்டுபிடித்தார். ஆர்க்கெஸ்ட்ராவே வேண்டாம் என்று அந்த ஒருவரை வைத்தே படத்தை முடித்துவிட்டார். பொருத்தம் பார்த்தால் அது அறவே பொருந்தாது.

---

ரீரெக்கார்டிங் ரூம் எழுதியது:

இரண்டாம் ஆட்டம், காராஸின் ஸிதர் எந்த இடத்திலும் யாருக்காகவும் அழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். செத்துவிட்டதாக நம்பப்பட்ட கள்ளச் சந்தைக்காரன் ஹாரி லைம் கதவு நிழலில் முதல் தடவை தெரியும்போதும் சரி, சாக்கடைத் துரத்தலுக்குப் பிறகும் சரி, அது தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போகிறது. யார் செத்தாலும் அந்த ஊர் நாளைக்கும் மதுக்கடை திறக்கும். அந்த அலட்சியம்தான் பயமாக இருக்கிறது. படத்துக்கு எதிராக நிற்கும் இசைக்கும், படத்தின் முன்னால் போய் நின்று மறைக்கும் இசைக்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதை ஒரு இயக்குநர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். இரண்டாவது இயக்குநருக்குத் தெரியாமல் ஒட்டப்பட்டது.

ஆரம்பக் காட்சி பற்றி நீங்கள் சொன்னது அழகான வாசிப்பு. ஆனால் அந்த இனிப்பு மைக்கேலின் பொய்யாக இருந்தால், அவன் கண் திறக்கத் திறக்க இசையும் மாற வேண்டும். மாறவே இல்லையே. பாட்டு மெட்டு முதலில் எப்படி வந்ததோ, பாதிப் படம் போன பிறகும் அதே சந்தோஷத்தோடு வருகிறது. எதுவும் நொறுங்குவதாக எனக்குக் கேட்கவில்லை.

---

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

மாறவில்லை என்பது சரிதான். ஆனாலும் ஆரம்பக் காட்சி எனக்கு வேலை செய்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

நங்கூரம் எழுதியது:

ஒரு சந்தேகம். ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தையும் வெல்ஸ் விரும்பியபடி பிறகு திருத்தினார்களே. அதே மாதிரி இதையும் செய்ய முடியாதா? இப்போது கணினியில் வசனத்தையும் இசையையும் பிரிக்கிற மென்பொருள்கூட வந்துவிட்டது.

---

ரீரெக்கார்டிங் ரூம் எழுதியது:

நங்கூரம், இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் தொழில் சம்பந்தப்பட்டது.

‘டச் ஆஃப் ஈவில்’ 1958இல் வந்தது. யூனிவர்சல் திருத்திய படத்தைப் பார்த்துவிட்டு வெல்ஸ் 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதை வைத்து 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். முதல் ஷாட் உங்களுக்கு நினைவிருக்கும்: காரில் வெடிகுண்டு வைக்கிறார்கள், கேமரா மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் எல்லை ஊரின் தெரு வழியாக அந்தக் காரோடு போகிறது. முன்பு அதன்மேல் பெயர்ப் பட்டியலும் ஹென்றி மான்சினியின் டைட்டில் இசையும் ஓடும். பிரமாதமான இசை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெல்ஸ் கேட்டது வேறு. ஒவ்வொரு கடை வாசலிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, கார் ரேடியோவிலிருந்து ஒன்று என்று அந்தத் தெருவின் சத்தங்களே ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு வர வேண்டும் என்றார். மர்ச் அப்படியே செய்தார். இப்போது அந்த ஷாட்டில் வெடிகுண்டுக் கார் எங்கே இருக்கிறது என்பதை அதன் ரேடியோவை வைத்தே காது தேடுகிறது. கார் திரையை விட்டு விலகினாலும் பாட்டு நெருங்கி வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. டைட்டில் இசை போட்டிருந்த காலத்தில் இந்தப் பதற்றம் அங்கே இருந்ததே தெரியாது.

இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனியாகக் கிடைத்தன. மான்சினியின் இசையை எடுத்தபோது அதன் அடியில் தெருச் சத்தங்கள் முழுசாக இருந்தன.

‘லேடி ஃப்ரம் ஷாங்காய்’க்கு இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. வெட்டிய காட்சிகள் கிடைக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக் காட்சியில் பெரும்பகுதி அப்படியே போய்விட்டது. மென்பொருளால் இசையை மங்கவைக்கலாம், முழுசாகத் துடைக்க முடியாது, துடைத்தாலும் வசனம் தகர டப்பாவுக்குள் பேசுவது போலாகிவிடும். இன்னொன்று, இசைக்கு அடியில் என்ன சத்தம் இருந்தது என்பது அந்த ஒற்றை ஒலித்தடத்தைக் கேட்டுத் தெரியாது. அலைச் சத்தம் வைத்திருந்தாரா, படகின் கயிறு முனகியதா? நாமாகச் சேர்த்தால் அது வெல்ஸின் படம் ஆகாது. அதனால் யாராவது “திருத்திய பதிப்பு” என்று இணையத்தில் போட்டால் ஆர்வத்துக்குக் கேளுங்கள், படமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

பழைய ரீல் எழுதியது:

திருத்துவது போகட்டும். கையில் இருக்கிற படத்திலேயே வெல்ஸின் காது தப்பிப் பிழைத்த இடங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் படத்துக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

முதலாவது, படகில் ஓடும் ரேடியோ. ‘க்ளாசோ லஸ்டோ’ என்று ஒரு கூந்தல் பூச்சு விளம்பரம் வருகிறது, எழுத்துக் கூட்டிப் பாடுகிற குஷியான சின்னப் பாட்டு. அழகி படுத்திருக்கிறாள், சுற்றிலும் ஒருவனை ஒருவன் விழுங்கக் காத்திருக்கும் ஆண்கள், நடுவில் கூந்தல் பளபளப்புக்கு விளம்பரம். ஆர்க்கெஸ்ட்ரா எவ்வளவு பாடுபட்டும் சொல்ல முடியாததை இந்த ரேடியோ ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது. அவளும் விற்பனைக்கு வைத்த அழகுதான், ஹேவொர்த்தை கொலம்பியா வைத்திருந்ததும் அப்படித்தான்.

இரண்டாவது, சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன் நாடகக் கொட்டகை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நின்ற நீதிமன்றத்தில் மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டு தப்பி வந்த மைக்கேல், மயக்கம் ஏறிக்கொண்டே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். மேடையில் சீன நாடகம் ஓடுகிறது. அதன் தாளமும் குரலும் நிற்காமல் வந்துகொண்டிருக்க, எல்சா அவன் பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். அந்த இசை அவளைப் பற்றி நமக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. அது அந்த மேடைக்குச் சொந்தம், இவர்கள் சங்கதி அதற்குத் தேவையில்லை. மைக்கேலுக்கு ஒன்றும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை, அவளுக்கு மட்டும் அந்த மொழி தெரியும்! எல்லா உண்மையும் அவன் கை அவள் பையில் இருக்கும் துப்பாக்கியில் பட்ட பிறகுதான் வருகிறது.

மூன்றாவது கண்ணாடி மண்டபம். அங்கே உடையும் கண்ணாடியும் தெறிக்கும் குண்டும் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது என்பதுதான் தன் எண்ணம் என்று வெல்ஸ் பின்னாளில் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சிடம் சொல்லியிருக்கிறார். யாரைச் சுடுகிறோம், எதிரில் நிற்பது ஆளா பிம்பமா என்று சுடுகிறவனுக்கே தெரியாத இடத்தில் வயலினுக்கு என்ன வேலை?

இந்த மூன்றிலும் சத்தம் அந்த இடத்திலேயே பிறக்கிறது. பின்னாளில் ‘டச் ஆஃப் ஈவில்’ தெருவுக்கு அவர் கேட்டதும் இதையேதான்.

---

லாரா44 எழுதியது:

சரி, என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு சேர்க்கை: இசையை அடக்கி வைப்பது அந்தக் காலத்திலேயே முடியாத காரியமாக இருக்கவில்லை. 1950இல் வந்த ‘தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்’ பாருங்கள். இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஷா ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும்தான் வருகிறார். நகைக்கடைக் கொள்ளை முழுவதும் கருவிச் சத்தமும் மூச்சும்தான். கடைசியில் குண்டடி பட்ட கொள்ளைக்காரன் டிக்ஸ் ஊருக்குக் காரோட்டும்போது இசை திரும்பி வருகிறதே, அத்தனை நேரம் பட்டினி கிடந்த காதுக்கு அது எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது! ‘டபுள் இன்டெம்னிட்டி’க்கு இதே ரோஷா போட்ட கரடுமுரடான இசை பாரமவுண்ட் இசைத் துறைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் பில்லி வைல்டர் துணை நின்றதால் அது பிழைத்தது. வெல்ஸுக்கு அப்படி நிற்க கொலம்பியாவுக்குள் யாருமில்லை.

---

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

ஒரு விளையாட்டு. உங்கள் கையில் இந்தப் படத்தின் ஸ்பாட்டிங்கை, அதாவது எங்கே இசை வரும் எங்கே வராது என்று முடிவெடுக்கும் வேலையைக் கொடுத்தால் எங்கே இசை வைப்பீர்கள்?

---

ரீரெக்கார்டிங் ரூம் எழுதியது:

படகுப் பாட்டு இருக்கட்டும், அவள் பாடுவதாக ஒரே ஒரு தடவை. அதன் மெட்டை வேறு எங்கும் தொடமாட்டேன். பாறையிலிருந்து குதிப்பதற்குத் தண்ணீர் மட்டும், அதுவும் தொலைநோக்கியில் பார்க்கிறவனுக்குக் கேட்கிற அளவில், அதாவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிரிஸ்பியின் மூச்சு அதைவிடக் கிட்டத்தில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இசை வேண்டவே வேண்டாம், அங்கே தும்மலும் சிரிப்பும் போதும்.

மீன் காட்சியகத்தில் மட்டும் ஆர்க்கெஸ்ட்ராவை வரவிடுவேன். தொட்டிக்குள் சுறாவும் விலாங்கும் ஆளைவிடப் பெரிதாக நீந்த, அதற்கு முன்னால் இரண்டு பேர் நிழலாக நின்று முத்தமிடுகிறார்கள். அங்கே கீழ்ச்சுருதியில் செல்லோ, மெட்டே இல்லாமல்.

---

பழைய ரீல் எழுதியது:

மற்றதெல்லாம் அப்படியே சரி. மீன் காட்சியகத்தில் செல்லோ போட்டால் நீங்களும் சுறாவைச் சுட்டிக்காட்டுகிறீர்கள். அந்தக் காட்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவர்கள் முத்தமிடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்களே, எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் வேண்டும்.